கொச்சி புதுவைப்பு எரிவாயு முனையம்: பகிர்வு மையமாகும் வழியில் அடைப்பு எங்கே?

கொச்சித் துறைமுகத்தின் நுழைவாயிலில், வைப்பின் தீவின் தென்முனையில் அமைந்துள்ள புதுவைப்பு திரவ இயற்கை எரிவாயு முனையம், ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் எரிவாயுவைக் கையாளும் திறனுடன் கட்டப்பட்டது. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அங்கு முதல் கப்பல் வந்து சேர்ந்தது. அதன்பின் கழிந்த ஆண்டுகள் பெரும்பாலானவற்றில், தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதே அம்முனையத்துக்கு அரிதாக இருந்துள்ளது. நான்காயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்யப்பட்ட ஒரு கட்டமைப்பு இவ்வாறு பெரும்பகுதி வெறுமையாகக் கிடப்பது, நாட்டின் எரிசக்தித் துறையில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் செய்தியாகும்.

குழாயை மட்டும் நம்பியிராமல் லாரி, கொள்கலன், சிறு கப்பல், கப்பல்களுக்கான எரிபொருள் விற்பனை ஆகிய வழிகளிலும் எரிவாயுவை வெளியே அனுப்பி, கொச்சியைத் தென்னிந்தியாவுக்கும் அண்டைத் தீவுகளுக்குமான பகிர்வு மையமாக மாற்ற வேண்டும் என்ற கருத்து இந்தப் பின்னணியில்தான் வலுப்பெற்றது. இம்முயற்சியின் சாதக பாதகங்களை எடைபோடும்போது ஓர் உண்மையை முதலில் மனத்தில் கொள்ள வேண்டியுள்ளது. புதுவைப்பில் சரக்கை இறக்குவதில் ஒருபோதும் சிக்கல் இருந்ததில்லை. இறக்கிய சரக்கை எந்த வழியில், என்ன விலைக்கு, யாரிடம் கொண்டுசேர்ப்பது என்பதே அங்கு தொடக்கம் முதல் நீடிக்கும் சிக்கல்.

மண் சேர்ந்து உருவான தீவு

கொச்சியின் புவியியலே தீவுகளால் ஆனது. 1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் பழம்பெரும் முசிறித் துறை தூர்ந்துபோய், தெற்கே கொச்சியில் புதிய முகத்துவாரம் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வைப்பின் தீவின் தோற்றத்தையும் அதே வெள்ளத்தோடு இணைத்துப் பேசுவது வழக்கம். அத்தீவின் தென்முனையில் கடல் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் பின்னர் வளர்ந்த நிலமே புதுவைப்பு. கடல் புதிதாக வைத்த நிலம் என்ற பொருள் அப்பெயரிலேயே தமிழ் வாசகருக்கும் விளங்கும்.

எதிரே உள்ள வில்லிங்டன் தீவு மனிதர் உருவாக்கியது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920-இல் கொச்சிக்கு அனுப்பப்பட்ட பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலில் குறுக்கிட்ட மணல் திட்டை அகழ்ந்து கப்பல் கால்வாயை ஆழப்படுத்தினார். அவ்வாறு அள்ளிய மண்ணால் எழுந்ததே அத்தீவு. அதற்கு அடுத்துள்ள வல்லார்பாடம் தீவில் 2011-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம் செயல்படத் தொடங்கியது. ஆக, ஒரே முகத்துவாரத்தைச் சுற்றி மூன்று தீவுகளில் மூன்று வகைத் துறைமுகப் பணிகள் நடைபெறுகின்றன. ஆழம் குறையாமலிருக்க ஆண்டுதோறும் தூர்வார வேண்டிய சுமையும் மூன்றுக்கும் பொதுவானதே.

வைப்பின் தீவை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டன. அதுவரை படகுகளை நம்பியிருந்த, மக்கள் நெருக்கம் மிகுந்த மீனவத் தீவு அது. அங்கு பெருந்திட்டம் எது வந்தாலும் உள்ளூர் மக்கள் ஐயத்தோடு நோக்குவதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம்.

முனையம் எவ்வாறு இயங்குகிறது?

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது திரவமாகிறது. அப்போது அதன் பருமன் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குவதால், குழாய் செல்ல முடியாத தொலைவுகளுக்கும் கப்பலில் கொண்டுசெல்ல இயலுகிறது. இறக்குமதி முனையத்தில் அத்திரவம் வெப்பம் ஊடுருவாத பெருந்தொட்டிகளில் சேமிக்கப்பட்டு, தேவைக்கேற்ப மீண்டும் வாயுவாக மாற்றப்பட்டுக் குழாயில் செலுத்தப்படுகிறது. புதுவைப்பில் ஒவ்வொன்றும் ஒன்றரை லட்சம் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு கொண்ட இரு தொட்டிகள் உள்ளன. கெயில், ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் தலா 12.5 சதவீதப் பங்கு வைத்துள்ள பெட்ரோநெட் எல்என்ஜி நிறுவனம் இம்முனையத்தை நடத்துகிறது. 2014 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

எரிவாயு முனையத்தைச் சாதாரணக் கிடங்கைப் போல் பூட்டிவைக்க இயலாது. எவ்வளவு நன்றாகக் காப்பிட்டாலும் தொட்டிக்குள் வெப்பம் சிறிது சிறிதாக நுழையும். திரவத்தின் ஒரு பகுதி ஆவியாகிக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு 0.05 சதவீதம் என்று கொண்டாலும், இரு தொட்டிகளும் நிறைந்திருக்கையில் அன்றாடம் 150 கன மீட்டருக்கு மேல் திரவம் வாயுவாக மாறிவிடும். அதை உடனுக்குடன் குழாயில் அனுப்பியாக வேண்டும். இல்லையேல் மீண்டும் குளிர்விக்க வேண்டும். இரண்டும் இயலாதபோது எரித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் இல்லை என்பதற்காகத் தொட்டியைச் சூடாகவிட்டால், திரும்பக் குளிர்விக்கப் பல நாட்களும் பெருஞ்செலவும் பிடிக்கும். விற்பனை குறைந்த காலத்திலும் முனையத்தின் செலவு பெரிதாகக் குறைவதில்லை என்பதற்கு இதுவே காரணம். அச்செலவு குறைந்த அளவு சரக்கின்மீது ஏற்றப்படும்போது கட்டணம் உயர்கிறது. குஜராத்தின் தஹேஜ் முனையத்தைவிடக் கொச்சியில் கட்டணம் கூடுதலாக இருந்து வந்ததன் அடிப்படையும் அதுதான்.

எட்டு ஆண்டுகள் காத்திருந்த குழாய்

முனையம் திறந்தபோது அதிலிருந்து வெளியேறிய குழாயின் நீளம் வெறும் 44 கிலோமீட்டர். ஃபாக்ட் உரத் தொழிற்சாலை, கொச்சி சுத்திகரிப்பு ஆலை உள்ளிட்ட சில ஆலைகளே அதன் எல்லை. கூற்றநாடு வழியாக ஒரு கிளை மங்களூருக்கும், மற்றொரு கிளை வாளையாறு, கோவை, சேலம் வழியாகப் பெங்களூருக்கும் செல்லும் என்பதே கெயில் நிறுவனத்தின் திட்டம். இவ்விரு கிளைகளும் தாமதமான விதம்தான் புதுவைப்பின் முதல் பத்தாண்டு வரலாறு.

தமிழகக் கிளை முதலில் தடைப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் தொலைவுக்கு விளைநிலங்களின் ஊடே குழாய் பதிக்கும் பணிக்கு விவசாயிகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டத்தின்படி, நிலம் உரிமையாளருக்கே சொந்தமாக இருக்கும். அதன் பயன்பாட்டு உரிமை மட்டுமே நிறுவனத்துக்குச் செல்லும். சட்டம் வகுத்த இழப்பீடு நிலமதிப்பில் 10 சதவீதம். ஆனால் குழாய் செல்லும் பாதையில் கட்டடம் எழுப்பவோ, ஆழ வேரூன்றும் மரங்களை வளர்க்கவோ முடியாது. தென்னை நட்டு வாழும் கொங்கு விவசாயிக்கு, நிலம் பெயரளவில் தன்னிடம் இருப்பது ஆறுதலாக அமையவில்லை.

2013-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தலைமையிலான அரசு, விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்லுமாறு கெயிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தபோதும் களத்தில் எதிர்ப்பு முடியவில்லை.

கேரளத்திலும் நிலைமை வேறுபட்டதாக இல்லை. சிறு சிறு மனையிடங்களாக நிலம் துண்டாகிக் கிடக்கும் மாநிலத்தில், பத்து சென்ட் வைத்திருப்பவரின் தோட்டத்தை ஒரு குழாய் குறுக்கே வெட்டினால் அவருக்கு எஞ்சுவது சொற்பம். 2014 ஜூன் மாதம் ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அச்சத்தைப் பன்மடங்காக்கியது. நிலப் பணியில் முன்னேற்றம் இல்லாததால் அதே ஆண்டு கட்டுமான ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன. 2016-க்குப் பின் மாநில அரசு பணியை மீண்டும் முடுக்கியபோது, கோழிக்கோடு மாவட்டம் முக்கம் பகுதியில் 2017 நவம்பரில் போராட்டம் மோதலாக வெடித்தது. இழப்பீட்டை உயர்த்தியும், சிறு நில உரிமையாளர்களுக்குத் தனி நிதி அறிவித்தும் அரசு பணியை நகர்த்தியது. நிறைவுக் கட்டத்தில் காசர்கோட்டின் சந்திரகிரி ஆற்றைக் கடக்கும் வேலை மாதக்கணக்கில் இழுத்தது.

இறுதியில் 2021 ஜனவரி 5 அன்று, 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி–மங்களூரு குழாயைப் பிரதமர் நரேந்திர மோடி காணொலி வாயிலாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். சுமார் 3,000 கோடி ரூபாய் செலவில், நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளை அடியில் துளையிட்டுக் கடந்து, நாளொன்றுக்கு 1.2 கோடி கன மீட்டர் வாயுவைக் கொண்டுசெல்லும் திறனுடன் அது அமைக்கப்பட்டது. கூற்றநாடு–வாளையாறு கிளையும் தொடர்ந்து நிறைவுற்றது. கோவையின் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் எரிவாயு வரத் தொடங்கியது அதன் வழியாகத்தான்.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியது. கோவைக்கு அப்பால் கிருஷ்ணகிரி வரையிலான பகுதி முடிந்தால்தான் கொச்சிக் குழாய் தேசிய எரிவாயுக் கட்டமைப்போடு இணையும். பெங்களூருவுக்கோ, மேற்குக் கரையின் தாபோலிலிருந்து வந்த குழாய் 2013-லேயே எரிவாயுவைக் கொண்டுசேர்த்துவிட்டது. கொச்சி முனையத்தின் பெரிய சந்தையாகக் கருதப்பட்ட நகரம் வேறொரு முனையத்தின் வாடிக்கையாளரானது. 2019-இல் சென்னைக்கு அருகே எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் 50 லட்சம் டன் முனையம் திறக்கப்பட்டதும், தமிழகச் சந்தையிலும் கொச்சிக்குப் போட்டி உருவானது.

மின்நிலையங்களின் கணக்கு

குழாய் மட்டுமே குறை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. திட்டத்தின் தொடக்க காலத்தில் பெரிய வாங்குபவர்களாக எதிர்பார்க்கப்பட்டவை மின்நிலையங்களே. நாப்தாவில் இயங்கிய என்டிபிசி நிறுவனத்தின் காயங்குளம் நிலையம் எரிவாயுவுக்கு மாறும், பின்னர் பல மடங்கு விரிவடையும் என்று கணக்கிடப்பட்டது. காயங்குளத்துக்கு எரிவாயு சென்றடையவே இல்லை. நாப்தா மின்சாரத்தின் விலை தாங்க முடியாததாகி நிலையம் ஓய்ந்தது. இன்று அதே வளாகத்தின் உப்பங்கழியில் 92 மெகாவாட் திறனுள்ள மிதக்கும் சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன. எரிவாயுவின் இடத்தைக் கதிரவன் பிடித்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தென்னிந்தியாவில் வேறொன்று இருக்க இயலாது.

விலையும் துணைநிற்கவில்லை. கொச்சிக்கென ஆஸ்திரேலியாவின் கோர்கன் வயலிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு எரிவாயு வாங்க 2009-இல் எக்ஸான்மொபில் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. கச்சா எண்ணெய் விலையோடு பிணைக்கப்பட்ட அந்த விலை பின்னர் சுமையாகத் தெரிந்ததால், 2017-இல் மறுபேச்சு நடத்தி, கூடுதல் அளவு வாங்க ஒப்புக்கொண்டு விலை குறைக்கப்பட்டது. இயற்கை எரிவாயு இன்றும் சரக்கு மற்றும் சேவை வரி வளையத்துக்குள் வரவில்லை. மாநில வரி தனியே சேர்வதால், நாப்தாவையோ உலை எண்ணெயையோ விட்டு எரிவாயுவுக்கு மாறும் ஆலையின் கணக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறாக முடிகிறது. உடனடிச் சந்தையிலோ, ஆசிய விலை பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2020 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே வீழ்ந்து, உக்ரைன் போருக்குப் பின் 2022 ஆகஸ்டில் 50 டாலரையும் தாண்டியது. இத்தகைய ஏற்ற இறக்கத்தை நம்பி எந்த ஆலை உரிமையாளரும் தம் கொதிகலனை மாற்றியமைக்கத் துணிவதில்லை.

ஒரே ஆண்டில் பிறந்த இரு முனையங்கள்

தீவில் அமைந்த முனையம் பகிர்வு மையமாக மலர முடியும் என்பதற்குச் சிங்கப்பூரின் ஜூரோங் தீவு சான்று. அங்குள்ள முனையமும் 2013-ஆம் ஆண்டிலேயே வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியது. இன்று நான்கு தொட்டிகளோடு விரிந்து, லாரிகளில் நிரப்புதல், சிறு கப்பல்களுக்கு மறு ஏற்றம், கப்பல் எரிபொருள் வழங்கல் ஆகிய அனைத்தையும் செய்கிறது. 2021-இல் 7,500 கன மீட்டர் கொள்ளளவுள்ள தனி எரிபொருள் கப்பல் ஒன்றும் அத்துறைமுகத்தில் பணியில் இறக்கப்பட்டது.

வேறுபாடு பொறியியலில் இல்லை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. முனையம் திறக்கும் முன்பே வாங்குபவர்கள் உறுதியாக இருந்தனர். முனையத்தின் அடிப்படைச் செலவை உள்நாட்டு மின்நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. சிறு கப்பல்களும் எரிபொருள் விற்பனையும் அதற்கு மேல் கிடைத்த வருவாய். கொச்சியில் வரிசை தலைகீழாக உள்ளது. உள்நாட்டு விற்பனை போதாததால்தான் பகிர்வு மையம் என்ற எண்ணமே அங்கு முன்னுக்கு வந்தது. அடித்தளம் தாங்க வேண்டிய எடையை மேல்மாடியிடம் எதிர்பார்ப்பது போன்றது இது.

சிறு அளவுப் பகிர்வு: கணக்கும் களமும்

இருப்பினும் கொச்சிக்கென்று சில வலுவான கூறுகள் உள்ளன. தொட்டிகள் தயாராக இருக்கின்றன. அவற்றில் வெற்றிடமும் இருக்கிறது. மேற்குக் கரையின் தென்பகுதியில் இதற்கு ஒப்பான முனையம் வேறில்லை. முனையம் துறைமுகத்தின் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் அமைந்திருப்பதால், இறக்கிய சரக்கை வேறு நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்வது எளிது. வெற்றுக் கப்பல்களின் கலன்களைக் குளிர்வித்துத் தரும் சேவையையும் அம்முனையம் வழங்கி வருகிறது. காப்பிடப்பட்ட தொட்டி லாரிகளில் திரவ நிலையிலேயே எரிவாயுவை நிரப்பி, குழாய் செல்லாத ஊர்களின் ஆலைகளுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. 2016 நவம்பரில் நாட்டின் முதல் திரவ எரிவாயுப் பேருந்து கேரளத்தில்தான் சோதனைக்கு விடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் அளவுகளை ஒப்பிட்டால் இவ்வழிகளின் வரம்பு புலப்படும். 1.7 லட்சம் கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு கப்பல் கொண்டுவரும் சரக்கு சுமார் 76,000 டன். ஒரு லாரியோ, நாற்பது அடிக் கொள்கலனோ சுமக்கக்கூடியது ஏறத்தாழ 17 டன். ஒரே கப்பலின் சரக்கை லாரிகளில் அனுப்ப 4,500 நடைகள் தேவைப்படும். அவை அத்தனையும் கோஸ்ரீ பாலங்களின் வழியாகவோ, தீவின் குறுகிய சாலைகள் வழியாகவோதான் வெளியேற வேண்டும். முனையத்தின் வெற்றிடத்தை லாரிகளால் நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு இடமளிப்பதில்லை.

இலங்கையுடனான ஏற்பாடு இதில் கவனத்துக்குரியது. கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியவில் 350 மெகாவாட் திறனுடன் எழுந்துள்ள சோபாதனவி மின்நிலையத்துக்கு, கொச்சியிலிருந்து கொள்கலன்களில் திரவ எரிவாயு வழங்க, பெட்ரோநெட் நிறுவனமும் இலங்கையின் எல்டிஎல் நிறுவனமும் 2024-இல் ஐந்தாண்டு உடன்பாடு செய்துகொண்டன. கெரவலப்பிட்டியவில் தனி இறக்குமதி முனையம் அமைக்கும் திட்டங்கள் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் கைகூடாத நிலையில், இது இடைக்கால வழியாகக் கருதப்பட்டது. அந்நிலையம் முழுத் திறனில் இயங்கினால், நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் எரிவாயு தேவைப்படும் எனக் கணக்கிடலாம். அதாவது அன்றாடம் அறுபது, எழுபது கொள்கலன்கள் செல்ல வேண்டும். அதே எண்ணிக்கையில் காலிக் கொள்கலன்கள் திரும்ப வேண்டும். ஆண்டு முழுவதும் இப்படி நடந்தால் கொச்சி முனையத்தின் பயன்பாடு சுமார் ஏழு சதவீதப் புள்ளிகள் உயரும். சிறிதெனத் தோன்றினாலும் அம்முனையத்தின் நிலையில் இது பெரிய அளவே. நீண்டகால நோக்கில், சில ஆயிரம் கன மீட்டர் சுமக்கும் சிறு எரிவாயுக் கப்பல் ஒன்று, கொள்கலன்களைவிடச் செலவு குறைந்த வழியாக அமையும். அதற்கு மறுமுனையில் தொட்டியும் ஜெட்டியும் வேண்டும். அவற்றை யார் கட்டுவது என்பதே கேள்வி.

கொச்சியிலிருந்து பகிர்வு என்றதும் பலரும் குறிப்பிடும் மற்றொரு பெயர் லட்சத்தீவு. அங்கு மனிதர் வாழும் பத்துத் தீவுகளும் மின்சாரத்துக்கு நெடுங்காலமாகக் கப்பலில் வரும் டீசலையே நம்பியுள்ளன. டீசலுக்கு மாற்றாக எரிவாயு என்பது கேட்க எளிது. ஆனால் சில மெகாவாட் தேவைக்காகத் தீவுதோறும் மைனஸ் 162 டிகிரியில் திரவத்தைக் காக்கும் ஏற்பாடு செய்வதைவிட, சூரிய மின்சாரமும் மின்கலச் சேமிப்புமே அங்கு பொருந்தும். லட்சத்தீவைக் கொச்சியின் சந்தையாகக் கணக்கில் சேர்ப்பது மிகை.

கப்பல்களுக்கு எரிபொருள்

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவை 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாகக் குறைத்தது. அதன்பின் திரவ எரிவாயுவில் இயங்கும் பெருங்கப்பல்களின் எண்ணிக்கை பெருகியது. பிரான்சின் சிஎம்ஏ சிஜிஎம் நிறுவனம் 23,000 பெட்டகங்கள் ஏற்றும் கப்பல்களையே அந்த எரிபொருளில் இயக்கத் தொடங்கியது. ஆசிய–ஐரோப்பியக் கடல்வழி இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், அக்கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் இடமாகக் கொச்சி வளரலாம் என்பது எதிர்பார்ப்பு.

இங்கும் போட்டி வந்துவிட்டது. 2025 மே மாதம் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம், பன்னாட்டுக் கடல்வழியிலிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவிலேயே உள்ளது. பெருங்கப்பல்கள் விழிஞ்ஞத்துக்கே செல்லும்போது, எரிபொருளுக்கென்று மட்டும் கொச்சிக்குத் திரும்ப அவற்றுக்கு எந்தத் தேவையும் இருக்காது. எனவே எரிபொருள் கப்பலை நோக்கிச் செல்ல வேண்டும். கொச்சித் தொட்டியில் நிரப்பி விழிஞ்ஞத்திலோ கொழும்பிலோ வழங்கும் சிறு எரிபொருள் கப்பல் ஒன்றே இதற்குப் பொருத்தமான ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் விழிஞ்ஞம் கொச்சிக்குப் போட்டி என்பதைக் காட்டிலும், அதற்கு இதுவரை கிடைக்காத வாடிக்கையாளர் என்றே கொள்ளத் தகும்.

அதேவேளை, எரிவாயு நிரந்தர விடையென்று கப்பல் துறையும் கருதவில்லை. 2050 வாக்கில் நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் இலக்கைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023-இல் ஏற்றுக்கொண்டது. எரிவாயுவின் முதன்மைக் கூறான மீத்தேன் எரியாமல் கசிந்தால், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இயந்திரத்தில் எரியாது வெளியேறும் சிறிதளவு மீத்தேனும், கந்தகக் குறைப்பால் கிடைத்த நற்பெயரைக் குலைக்கப் போதுமானது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் பசுமை ஹைட்ரஜன் மையமாக மத்திய அரசால் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கொச்சியில் சிறு கப்பல்களுக்கான ஜெட்டிக்கு இன்று முதலீடு செய்வோர், அது பதினைந்து ஆண்டுகளுக்குள் தன் செலவை மீட்குமா என்று கேட்பது இயல்பே.

தீவு மக்களின் கேள்வி

வைப்பின் தீவில் வாழ்வோருக்குப் பயன்பாட்டு விகிதம் பொருட்டல்ல. தங்கள் வாசலில் எத்தனை ஆபத்தான சரக்குகள் சேரப்போகின்றன என்பதே அவர்களின் கவலை. எரிவாயு முனையத்துக்கு அருகிலேயே இந்தியன் ஆயில் நிறுவனம் சமையல் எரிவாயு இறக்குமதி முனையம் அமைக்க முற்பட்டபோது, புதுவைப்பு மக்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2017 ஜூன் மாதம் காவல்துறை தடியடி நடத்தியது மாநிலமெங்கும் எதிரொலித்தது. அத்திட்டத்துக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதே ஆண்டு இறுதியில் அனுமதி அளித்தது.

அறிவியல் நோக்கில் திரவ எரிவாயுவுக்குச் சில பாதுகாப்பு இயல்புகள் உண்டு. திரவமாக இருக்கும்வரை அது எரியாது. ஆவியான பின்னரும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது மட்டுமே தீப்பற்றும். முனையம் திறந்தது முதல் கடல்வழிச் சரக்குகள் சிக்கலின்றி இறங்கி வருவதும் உண்மை. ஆனால் பகிர்வு மையம் என்பது வேறு வகைச் செயல்பாடு. ஆண்டுக்குச் சில பெருங்கப்பல்கள் வந்து போகும் இடம், அன்றாடம் பல லாரிகளும் கொள்கலன்களும் சிறு கப்பல்களும் நடமாடும் இடமாக மாறும். ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு நிரப்புதலும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640-க்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு மூழ்கியது. அவற்றுள் சிலவற்றில் ஆபத்தான சரக்குகள் இருந்தன. எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்ற கேள்வியோடு கேரள மீனவர்கள் பல நாட்கள் கடலுக்குச் செல்லத் தயங்கினர். அந்நிகழ்வுக்கும் எரிவாயுவுக்கும் தொடர்பில்லை. எனினும் கொள்கலன் வழிப் பகிர்வைத் திட்டமிடுவோர், முகத்துவாரத்தைக் கடந்து நாள்தோறும் மீன்பிடிக்கச் செல்லும் படகுகளையும் தங்கள் இடர்க் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கடலரிப்பும் ஒருபுறம் தீவை நெருக்குகிறது. வைப்பின் தீவின் எடவனக்காடு, ஞாறக்கல் போன்ற பகுதிகளில் கடற்சுவர் உடைந்து நீர் புகுவது ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. துறைமுகக் கால்வாயை மேலும் ஆழப்படுத்தும் எந்தத் திட்டமும் அவ்வூர்களில் ஐயத்தை எழுப்பாமல் இராது.

அடுத்து என்ன?

இயற்கை எரிவாயுவின் பங்கை நாட்டின் எரிசக்தியில் சுமார் 6 சதவீதத்திலிருந்து 2030-க்குள் 15 சதவீதமாக உயர்த்துவது மத்திய அரசின் அறிவிக்கப்பட்ட இலக்கு. புதுவைப்பின் வெற்றுத் தொட்டிகளுக்கு அந்த இலக்கில் இடமுண்டு. அவற்றை நிரப்பும் முதன்மையான வழி கோவை–கிருஷ்ணகிரி இணைப்பே. அது முடிந்தால் கொச்சிச் சரக்கு நாட்டின் எந்த வாடிக்கையாளருக்கும் குழாய் வழியே கணக்காகச் சென்றடையும். பாரசீக வளைகுடாவின் ஹார்முஸ் நீரிணையைக் கடக்காமல் ஆஸ்திரேலியாவிலிருந்து நேரே வரும் சரக்குக்கு, வளைகுடாவில் பதற்றம் மூளும் காலங்களில் தனி மதிப்பும் உண்டு. உலகத் திரவ எரிவாயு வணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்நீரிணை வழியாகவே செல்கிறது.

லாரிகளும் கொள்கலன்களும் எரிபொருள் கப்பலும் அதற்குப் பின்னரே கணக்கில் வரும். இலங்கை உடன்பாட்டின் நடைமுறை அனுபவம், விழிஞ்ஞத்துக்கு வரும் எரிவாயுக் கப்பல்களின் எண்ணிக்கை, இயற்கை எரிவாயுவைச் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவருவது குறித்து மாநிலங்கள் எடுக்கும் முடிவு ஆகிய மூன்றையும் பொறுத்தே, புதுவைப்பில் சிறு கப்பல்களுக்கெனத் தனி ஜெட்டி அமைப்பது பொருளாதார ரீதியில் ஏற்கத்தக்கதா என்பது தெளிவாகும்.